என்எல்ஆர் 6.6 என்றால் அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டாமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 66, எடை 62 கிலோ. முப்பது ஆண்டுகளுக்கு மேல் புகைபிடித்தவர். இன்னும் ஒளித்துப் பிடிக்கிறார். சிறுநீரில் ரத்தம் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வந்திருக்கிறது. வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. ரத்தம் கட்டியாகி அடைத்துக்கொண்டு, சிறுநீர் போக முடியாமல் ஆன பிறகுதான் யூராலஜிஸ்டிடம் போனார்கள். சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுக்கும் டி.யூ.ஆர்.பி.டி. செய்யப்பட்டது. பேத்தாலஜி ரிப்போர்ட் இப்படி வந்தது: ஹை கிரேடு (வேகமாக வளரும் வகை) யூரோதீலியல் கார்சினோமா, அதாவது சிறுநீர்ப்பையின் உட்படலத்தில் தோன்றும் புற்றுநோய்; தசைக்குள் ஊடுருவியிருக்கிறது; நிணநீர், ரத்தக் குழாய்களுக்குள்ளும் புற்றுச் செல்கள் தெரிகின்றன; ஓரிடத்தில் கார்சினோமா இன் சிட்டு, அதாவது உட்படலத்திலேயே தட்டையாக நிற்கும் புற்று. சி.டி. ஸ்கேனில் நுரையீரலும் கல்லீரலும் சுத்தமாக இருக்கின்றன, நிணநீர் முடிச்சுகள் பெரிதாகவில்லை. ஆனால் வலது சிறுநீரகம் நீர் கோத்து வீங்கியிருக்கிறது.

டி.யூ.ஆர்.பி.டி. முடிந்த மூன்றாம் நாள், சிறுநீர் டியூப் இருந்தபோதே எடுத்த ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின் 10.2, வெள்ளையணுக்கள் 11,800, அதில் நியூட்ரோஃபில் 79 சதவீதம், லிம்போசைட் 12 சதவீதம், பிளேட்லெட் 4.1 லட்சம், கிரியாட்டினின் 1.5, ரத்தப் புரதமான ஆல்புமின் 3.3. அதே வாரம் சிறுநீர் கல்ச்சரில் கிருமி வளர்ந்து ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

கீமோதெரபி கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீர்ப்பையை முழுவதும் எடுக்கலாம் என்பது டாக்டர்களின் திட்டம். வாசகி இணையத்தில் தேடி, நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் வகுத்து, என்எல்ஆர் எனப்படும் விகிதம் 6.6 என்று கணக்குப் போட்டிருக்கிறார். மூன்றைத் தாண்டினாலே ஆயுள் குறைவு என்று ஒரு கட்டுரையில் படித்திருக்கிறார். ஆன்லைன் கால்குலேட்டர் ஒன்றிலும் விவரங்களைப் போட்டுப் பார்த்து, வந்த சதவீதத்தில் உடைந்துபோயிருக்கிறார். அவருடைய அண்ணன், “ஆயுள் நிலைக்காது என்று ரத்தப் பரிசோதனையே சொல்லும்போது எதற்கு அவரை அறுத்து, வயிற்றில் மாட்டிய சிறுநீர்ப் பையோடு வாழ வைக்க வேண்டும்?” என்கிறார். அப்பாவிடம் இதுவரை “சிறுநீர்ப்பையில் புண்” என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அவர் கேட்பது மூன்று. ரத்த ரிப்போர்ட் சொல்வதை நம்பலாமா? ஆபரேஷனைத் தவிர்க்கலாமா? ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ.வைத் தேடும் புதிய பரிசோதனையை இப்போதே செய்துவிட்டு முடிவெடுக்கலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தில் எண்களை நீங்கள் எழுதியிருக்கும் ஒழுங்கைப் பார்த்தாலே எத்தனை இரவு விழித்திருந்தீர்கள் என்று தெரிகிறது. வகுத்தல் கணக்கில் பிழை இல்லை. அந்த எண்ணின் மேல் ஏற்றியிருக்கும் பாரம்தான் அதிகம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த 6.6ஐ வைத்து ஆபரேஷன் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எந்தப் புற்றுநோய் மருத்துவரும் முடிவு செய்ய மாட்டார், நீங்களும் செய்ய வேண்டாம். உங்கள் ரிப்போர்ட்டில் முடிவை மாற்றக்கூடிய ரத்த எண் வேறொன்று இருக்கிறது. அதைக் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த 6.6 எங்கிருந்து வந்தது

நியூட்ரோஃபில், லிம்போசைட் விகிதத்தைத்தான் என்எல்ஆர் என்கிறார்கள். உடம்பில் அழற்சி இருக்கும்போது நியூட்ரோஃபில் ஏறும், லிம்போசைட் இறங்கும். புற்றுநோயும் அழற்சியைத் தூண்டும் என்பதால், இந்த விகிதம் அதிகமாக இருப்பவர்களுக்குப் பின்விளைவு மோசமாக இருக்கிறதா என்று உலகமெங்கும் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையை எடுத்தவர்களின் பழைய பதிவுகளைத் தோண்டிய பல ஆய்வுகளில், ஆம், தொடர்பு தெரிந்தது. நீங்கள் படித்த கட்டுரை அந்த வகையாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த ஆய்வுகள் எல்லை என்று வைத்த எண் ஒன்றுபோல இல்லை. ஒன்றில் இரண்டரை, இன்னொன்றில் மூன்று, வேறொன்றில் ஐந்து. தங்கள் நோயாளிகளின் தரவுக்கு எந்த எல்லை நன்றாகப் பொருந்துகிறதோ அதைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். இப்படி வந்த எல்லையை வேறொரு மருத்துவமனையின் நோயாளிக்கு அப்படியே பொருத்த முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் கீமோ கொடுப்பதை நிலைநாட்டிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவில் நடந்த எஸ்.டபிள்யூ.ஓ.ஜி. 8710. அதில் பங்கேற்றவர்களின் ரத்த ரிப்போர்ட்டுகளை வைத்து 2017ல் ஒரு குழு என்எல்ஆரைச் சோதித்தது. மற்ற காரணிகளையும் கணக்கில் எடுத்த பிறகு, யார் அதிக நாள் வாழ்வார்கள் என்பதையும் அது சொல்லவில்லை, கீமோவால் யாருக்குப் பலன் என்பதையும் சொல்லவில்லை. முறையாகத் திட்டமிட்டு நடத்திய ஆய்வின் தரவில் வந்த விடை இது. பழைய கோப்புகளைத் தோண்டி எடுத்த பத்துக் கட்டுரைகளைவிட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

சரி, உங்கள் அப்பாவின் எண்ணுக்கு வருவோம். ரத்தம் எடுத்த நாளில் அவருக்கு என்னென்ன இருந்தது என்று பாருங்கள். இரண்டு நாள் முன்புதான் உள்ளே சுரண்டிக் கட்டியை எடுத்திருக்கிறார்கள். டியூப் இருக்கிறது. சிறுநீரில் கிருமி. மயக்க மருந்தோடு வாந்தி வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் கொடுப்பதும் பல இடங்களில் வழக்கம். அந்த ஸ்டீராய்டு ஒரு டோஸே நியூட்ரோஃபிலை ஏற்றி, லிம்போசைட்டைத் தற்காலிகமாக இறக்கிவிடும். இவற்றில் சில தனியாகவே விகிதத்தை நாலு, ஐந்து என்று கொண்டுபோகலாம். காய்ச்சல் மானி உடம்பு சுடுகிறது என்று சொல்லும். எதனால் என்று சொல்லாது. என்எல்ஆரும் அந்த வகைதான். தொற்று முழுவதும் அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால், நியூட்ரோஃபில் 70, லிம்போசைட் 20 என்று வரலாம்; விகிதம் 3.5 ஆகிவிடும். அதற்காக அவருடைய நோய் பாதியாகிவிட்டது என்று அர்த்தமா? இல்லைதானே.

பிளேட்லெட் 4.1 லட்சம் என்பதும் உங்களை உறுத்தியிருக்கிறது. மாதக்கணக்கில் ரத்தம் போனவருக்கு இரும்புச் சத்து குறையும்; இரும்பு குறைந்தால் பிளேட்லெட் ஏறுவது சாதாரணம். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தார்களா என்று கேளுங்கள். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பேத்தாலஜி ரிப்போர்ட்டில் எதற்குப் பயப்படுவது, எதற்கு வேண்டாம்

இந்த நோயில் எதிர்காலத்தைப் பற்றி உண்மையிலேயே ஏதாவது சொல்லக்கூடியது மைக்ராஸ்கோப்தான். அதுவும் இப்போதைய ரிப்போர்ட் பாதிக் கதைதான் சொல்லும்.

“ஹை கிரேடு” என்ற சொல்லை மூன்று இடத்தில் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். தசைக்குள் போன சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே ஹை கிரேடுதான். தசையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு கிரேடு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. அந்த அடிக்கோடுகளை அழித்துவிடலாம்.

தசை ஊடுருவல் என்பது வேறு. புதிதாகக் கண்டறியப்படும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் சுமார் நான்கில் ஒன்று இந்த வகை. மீதி மூன்று பங்கு மேல் அடுக்குகளிலேயே நிற்பவை, அவற்றின் போக்கு வேறு, வைத்தியமும் வேறு. அதனால் இந்த வரி சரிதானா என்பதை உறுதிப்படுத்துவது முக்கியம். சிறுநீர்ப்பையின் உள் அடுக்கிலேயே மெல்லிய தசை நார்கள் உண்டு. சுரண்டி எடுத்த துண்டுகளில் அவற்றை ஆழமான உண்மைத் தசை என்று குழப்பிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. உங்கள் அப்பாவுக்குச் சிறுநீரகமும் வீங்கியிருப்பதால் நோய் ஆழமாகப் போயிருப்பது நிஜம் என்றே நினைக்கிறேன். ஆனாலும், சிறுநீர்ப்பையையே எடுப்பதற்கு முன் ஸ்லைடுகளை இந்தத் துறையில் அனுபவமுள்ள இன்னொரு பேத்தாலஜிஸ்ட் பார்ப்பது நியாயமான கோரிக்கை. அது உங்கள் உரிமையும்கூட. எந்த நல்ல மருத்துவரும் இதற்குக் கோபப்பட மாட்டார். அப்போது இன்னொரு விஷயத்தையும் கேட்டுவிடுங்கள்: மைக்ரோபாப்பிலரி, பிளாஸ்மாசைட்டாய்டு, ஸ்மால் செல் போன்ற உட்பிரிவுகள் எதுவும் கலந்திருக்கிறதா? ஸ்மால் செல் என்றால் கீமோ மருந்தே மாறும்.

குழாய்களுக்குள் செல்கள் தெரிவது கவலைக்குரிய அடையாளம், அதை மறைக்கப் போவதில்லை. நிணநீர் முடிச்சுக்கு நோய் போயிருக்கும் வாய்ப்பை அது கூட்டுகிறது. சி.டி.யில் முடிச்சுகள் சுத்தம் என்பது ஆறுதல்தான், ஆனால் முழு உத்தரவாதம் இல்லை. சின்னச் சின்னக் கூட்டமாக இருக்கும் செல்களை ஸ்கேன் பார்க்காது. அதே நேரம், சுரண்டிய துண்டுகளில் திசு சுருங்கி இடைவெளி விழும். அது குழாய் போலவே தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. முழு உறுப்பை எடுத்துப் பார்க்கும்போது சொல்வதுதான் உறுதியான பதில்.

இங்கேதான் உங்கள் கால்குலேட்டர் விஷயம் வருகிறது. பெயரை எழுதியிருந்ததால் என்னால் சொல்ல முடிகிறது. அது 2006ல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை வைத்து உருவாக்கிய சர்வதேச நோமோகிராம், அதாவது விவரங்களைக் கொடுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிக்கும் கருவி. வயது, ஆணா பெண்ணா, கிரேடு, நோயின் ஆழம், செல் வகை, முடிச்சுகளின் நிலை, கண்டறிந்ததற்கும் ஆபரேஷனுக்கும் இடையிலான காலம் ஆகியவற்றைக் கேட்கும். நல்ல கருவி. ஆனால் சிறுநீர்ப்பையை எடுத்த பிறகு வரும் ரிப்போர்ட்டுக்காகச் செய்யப்பட்டது அது. நீங்கள் டி.யூ.ஆர்.பி.டி. ரிப்போர்ட்டைப் போட்டுவிட்டு, முடிச்சுகள் பற்றிய கட்டத்தில் ஊகத்தை நிரப்பியிருக்கிறீர்கள். வந்த சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை.

சரியாகப் போட்டிருந்தாலும் அதன் துல்லியம் எவ்வளவு தெரியுமா? இருவரில் யாருக்கு முதலில் நோய் திரும்பும் என்று நாணயத்தைச் சுண்டிப்போட்டுச் சொன்னால் மதிப்பெண் 0.5. ஒருமுறைகூடத் தவறாமல் சொன்னால் 1. இந்த நோமோகிராமுக்கு 0.75. வழக்கமான ஸ்டேஜ் முறைக்கு 0.68. ஒன்பதாயிரம் பேரின் தரவு இருந்தும் இவ்வளவுதான் முடிகிறது.

ஆபரேஷனுக்குப் பிறகான ரிப்போர்ட் எவ்வளவு வேறுபாடு காட்டும் என்பதற்கு ஒரு பழைய, பெரிய தொகுப்பைச் சொல்கிறேன். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிறுநீர்ப்பை எடுத்த 1,054 பேரின் விவரம் 2001ல் வெளியானது. நோய் தசையின் உட்பாதியோடு நின்று, முடிச்சுகளும் சுத்தமாக இருந்தவர்களில் ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 89 சதவீதம். சிறுநீர்ப்பைக்கு வெளியே உள்ள கொழுப்பில் பரவியிருந்தால் 62. முடிச்சில் நோய் இருந்தால் 35. மூன்று எண்ணையும் கலந்து சராசரி எடுத்தால் 62 வரும்; நீங்கள் இணையத்தில் பார்த்த “பாதிக்குப் பாதி”யும் இப்படிப்பட்ட ஒரு சராசரிதான். அந்தச் சராசரி யாருடைய கதையும் இல்லை. உங்கள் அப்பா இதில் எந்த வரிசையில் இருக்கிறார் என்று இன்று யாருக்கும் தெரியாது. ஆபரேஷனுக்கு முன் ஆழம் குறைவு என்று நினைத்தவர்களில் கணிசமானவர்களுக்கு, எடுத்துப் பார்த்த பிறகு ஆழம் அதிகம் என்று மாறுவதுண்டு. வீங்கிய சிறுநீரகம் இருப்பதால், கொழுப்பு வரை போயிருக்கலாம் என்ற எதிர்பார்ப்போடுதான் உங்கள் டாக்டர்களும் திட்டம் போட்டிருப்பார்கள். கீமோவை முதலில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அண்ணன் சொல்வதில் எங்கே பிசகு

அண்ணனின் வாதத்தில் பாசம் இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு தனித்தனிக் கேள்விகளை அவர் ஒன்றாக்கிவிடுகிறார். ஒன்று, நோய் எவ்வளவு ஆபத்தானது? மற்றொன்று, இந்த வைத்தியம் அதை மாற்றுமா? முதல் கேள்விக்கு மோசமான பதில் வந்தால் இரண்டாவதற்கும் மோசமான பதில்தான் என்று எந்த விதியும் இல்லை. ஆபத்து அதிகமான நோயில்தான் கீமோவால் மாற்றக்கூடியதும் அதிகமாக இருக்கும்.

எஸ்.டபிள்யூ.ஓ.ஜி. 8710 ஆய்வையே எடுங்கள். நேராக ஆபரேஷன் செய்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 46 மாதம். முதலில் கீமோ பெற்றவர்களுக்கு 77 மாதம். எடுத்த சிறுநீர்ப்பையில் புற்றுநோயே மிச்சமில்லை என்ற நிலை ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 15 சதவீதம், கீமோவும் பெற்றவர்களில் 38 சதவீதம். அப்படி மிச்சமில்லாமல் போனவர்களில் 85 சதவீதம் பேர் ஐந்தாம் ஆண்டில் உயிரோடு இருந்தார்கள். என்னைக் கேட்டால் உங்கள் அப்பாவின் எதிர்காலத்தைப் பற்றிய மிகப் பெரிய தகவல் இன்னும் சில மாதம் கழித்துத்தான் வரப்போகிறது, கீமோவுக்குப் பிறகு எடுக்கும் அந்த உறுப்பின் ரிப்போர்ட்டில்.

2024ல் நயாகரா என்ற ஆய்வு வெளியானது. கீமோவோடு டுர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவது) ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 82.2 சதவீதம், கீமோவும் ஆபரேஷனும் மட்டும் பெற்றவர்களில் 75.2. உங்கள் டாக்டர் இதைப் பற்றிப் பேசவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

ஒன்றும் செய்யாமல் விட்டால் அமைதியாகப் போய்விடுவார் என்று அண்ணன் நினைக்கலாம். தசைக்குள் போன நோயை அப்படியே விட்டால் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. அந்தக் காலமும் ரத்தப்போக்கு, அடைப்பு, இடுப்பு வலி என்றுதான் கழியும். ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டு அவர் பட்ட அவஸ்தையை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள்.

ஆபரேஷன் லேசானது என்றும் சொல்ல மாட்டேன். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பை, புராஸ்டேட், இடுப்பு நிணநீர் முடிச்சுகள் எல்லாம் எடுக்கப்படும். 1,142 பேரைக் கவனமாகப் பின்தொடர்ந்து 2009ல் வெளியிட்ட ஒரு பதிவில், முதல் 90 நாளில் 64 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. பெரும்பாலானவை குடல் இயக்கம் தாமதமாவது, தொற்று போன்ற சமாளிக்கக்கூடியவை. தீவிரமானவை 13 சதவீதம். இந்த ஆபரேஷனை நிறையச் செய்யும் இடத்தில் செய்வது நல்லது. “வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சிறுநீர்ப்பையை எடுக்காமலே வைத்தியம் செய்ய முடியாதா? முடியும், சிலருக்கு. கட்டியை முடிந்தவரை சுரண்டி எடுத்துவிட்டு, கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுக்கும் முறை இது. 2023ல் வந்த ஓர் ஒப்பீட்டில், பொருத்தமான நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தபோது, ஐந்து ஆண்டுகள் நோய் வேறிடம் பரவாமல் இருந்தவர்கள் இரண்டு முறையிலும் 75 சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள். சீட்டுப் போட்டுப் பிரித்து நடத்திய ஆய்வு இல்லை என்றாலும், தள்ளிவிடக்கூடியதும் இல்லை. ஒரே கட்டி, 7 சென்டிமீட்டருக்குள், அதிகபட்சம் ஒரு பக்கச் சிறுநீரகம் மட்டும் வீங்கியிருப்பது, கார்சினோமா இன் சிட்டு பரவலாக இல்லாதது ஆகியவை அதில் வைத்த நிபந்தனைகள். உங்கள் அப்பா விளிம்பில் நிற்கிறார். வீங்கிய சிறுநீரகமும் அந்த ஓரிடத்துக் கார்சினோமா இன் சிட்டுவும் எனக்குத் தயக்கம் தருகின்றன. நான் ஆபரேஷன் பக்கமே சாய்வேன். ஆனால் அப்பா உறுப்பை இழக்கவே மாட்டேன் என்று தெளிவாகச் சொன்னால், கதிர்வீச்சு நிபுணரைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. அப்படி வைத்தியம் செய்தாலும் அடிக்கடி உள்ளே கருவிவிட்டுப் பார்க்க வேண்டும், நோய் திரும்பினால் எடுக்க வேண்டி வரலாம் என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் கவனிக்காத எண்

கிரியாட்டினின் 1.5. சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ஏறும் எண் இது.

முக்கியமான கீமோ மருந்தான சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லியாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். உங்கள் அப்பாவின் வயது, எடை, 1.5 என்ற கிரியாட்டினினை வைத்துக் காக்ராஃப்ட் கால்ட் சூத்திரத்தில் போட்டால் சுமார் 42 வருகிறது. அதே மனிதருக்குக் கிரியாட்டினின் 1.0 ஆக இறங்கினால் சுமார் 64. அதாவது வலது சிறுநீரகத்தின் அடைப்பை நீக்கினால், அந்த மருந்துக்குத் தகுதியில்லாதவர் தகுதியுள்ளவராக மாறலாம். இதைச் செய்வது பெரும்பாலும் முதுகுப் பக்கம் தோல் வழியாகச் சிறுநீரகத்துக்குள் ஒரு சிறு டியூப் வைப்பதன் மூலம், அல்லது முடிந்தால் உள்ளே ஸ்டென்ட் போட்டு. எவ்வளவு நாள் அடைத்திருந்தது என்பதைப் பொறுத்து முழுவதும் மீளாமலும் போகலாம், ஆனால் முயற்சி செய்யாமல் விடக் கூடாது. 60ஐ எட்டாவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. நயாகரா ஆய்வில் 40க்கு மேல் இருந்தவர்களையும் சேர்த்து, 60க்குக் கீழே இருந்தவர்களுக்குச் சிஸ்பிளாட்டினை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். சிறுநீரகத்தோடு கேட்கும் திறன், கைகால் மரத்துப்போதல், இதயம், நடமாட்டம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

ஆல்புமின் 3.3, ஹீமோகுளோபின் 10.2 இரண்டும் அதே வரிசைதான். ஆயுள் ஜோசியம் என்ற முறையில் அவற்றைப் பார்க்காதீர்கள். சரிசெய்ய வேண்டியவை என்று பாருங்கள். ஆல்புமின் 3.5க்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்த ஆபரேஷனுக்குப் பின் சிக்கல் அதிகம். தொற்று அடங்கினாலே அது கொஞ்சம் ஏறும். மீதிக்கு டயட்டீஷியன் உதவியோடு புரதமும் கலோரியும் கூட்ட வேண்டும், தினமும் நடக்க வேண்டும். இரும்பு குறைவு உறுதியானால் ஊசி வழியாகவே ஏற்றலாம். கீமோ நடக்கும் மாதங்கள் இதற்கெல்லாம் நல்ல அவகாசம். புகையை இன்றே நிறுத்த வேண்டும். காயம் ஆறுவதற்கும் நுரையீரலுக்கும் அது இப்போதும் பலன் தரும். “இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது” என்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ.

என்எல்ஆரைப் போல இது பொதுவான அழற்சி எண் இல்லை. கட்டியின் மரபணு மாற்றங்களை முதலில் படித்துவிட்டு, அதே துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கின்றனவா என்று தேடுகிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இதற்கு நிஜமான பயன் இருக்கிறது. 2025ல் வெளியான ஐஎம்விகர்011 ஆய்வில், சிறுநீர்ப்பை எடுத்த பிறகு ஸ்கேன் சுத்தமாக இருந்தவர்களை இந்தப் பரிசோதனையால் பின்தொடர்ந்தார்கள். பாசிட்டிவ் வந்தவர்களுக்கு மட்டும் ஒரு பிரிவில் அட்டெசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து, மறுபிரிவில் மருந்தில்லா ஊசி. இடைநிலை ஆயுள் முறையே 32.8 மாதம், 21.1 மாதம். தொடர்ந்து நெகட்டிவாக இருந்தவர்களில் பெரும்பாலோர் மருந்தே இல்லாமல் நன்றாக இருந்தார்கள்.

ஆக, ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து வைத்தியத்தைத் தீர்மானிக்கும் காலம் இந்த நோயில் தொடங்கிவிட்டது. ஆனால் இப்போதே எடுத்தால்? கட்டி உள்ளேயே இருக்கும்போது பாசிட்டிவ் வருவதில் ஆச்சரியமில்லை, நெகட்டிவ் வந்தாலும் கீமோவையோ ஆபரேஷனையோ விட்டுவிட முடியாது. அதனால் இந்த வாரம் அதற்காக ஓட வேண்டாம். பிற்பாடு தேவைப்பட்டால் கட்டியின் திசு வேண்டியிருக்கும் என்பதால், டி.யூ.ஆர்.பி.டி. பிளாக்குகளை (மெழுகில் பதித்த திசுத் துண்டுகளை) பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். சி.இ.ஏ., சி.ஏ. 19-9 போன்ற டியூமர் மார்க்கர்களையும் யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், புராஸ்டேட்டுக்கு பி.எஸ்.ஏ. இருப்பதுபோல சிறுநீர்ப்பைக்கு நம்பகமான ரத்த மார்க்கர் எதுவும் வழக்கத்தில் இல்லை.

அப்பாவுக்குத் தெரிய வேண்டும்

நீங்கள் கேட்காத கேள்வி இது. இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். கடிதம் முழுக்க உங்கள் கருத்து இருக்கிறது, அண்ணன் கருத்து இருக்கிறது, அப்பா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. சுயநினைவோடு, தெளிவாக இருக்கும் ஒருவரின் சிறுநீர்ப்பையை “புண்” என்று சொல்லி எடுக்க முடியாது. ஒப்புதல் அவருடையது, விவரம் தெரியாமல் போடும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. வயிற்றில் பை வைப்பதா, குடலில் இருந்து புதிய சிறுநீர்ப்பை செய்வதா என்பதும் அவர் வாழப்போகும் வாழ்க்கை. சிறுநீரகத் திறன் குறைவாக இருந்தால் இரண்டாவது வழி கிடைக்காமல் போகலாம் என்பது வேறு விஷயம். ஏற்கெனவே பையோடு வாழும் ஒருவரைச் சந்திக்க வைத்தால் அண்ணனுடைய பயமும் கொஞ்சம் குறையும்.

எல்லாச் சதவீதத்தையும் அவர் முன் கொட்ட வேண்டியதில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள். கட்டி புற்றுநோய், தசை வரை போயிருக்கிறது, வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை, குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் வைத்தியம் செய்கிறோம் என்ற நான்கு விஷயம் முதல் நாளுக்குப் போதும். சொல்லத் தயக்கமாக இருந்தால் டாக்டரையே சொல்லச் சொல்லி, நீங்கள் இருவரும் பக்கத்தில் இருங்கள்.

அடுத்த வேலைகளை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். வலது சிறுநீரகத்தின் அடைப்பை எப்போது நீக்குவார்கள் என்பதை இந்த வாரமே கேட்க வேண்டும். நீக்கிய பிறகு சில நாள் இடைவெளியில் கிரியாட்டினினைத் திரும்பப் பாருங்கள். ஸ்லைடு மறுபரிசீலனை அதோடு சேர்ந்தே நடக்கட்டும், அதற்காக மற்றவை காத்திருக்க வேண்டாம். யூராலஜிஸ்ட், கீமோ டாக்டர், கதிர்வீச்சு நிபுணர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் டியூமர் போர்டில் அப்பாவின் கேஸ் வைக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். ஒருவேளை கீமோ கொடுக்க முடியாது, நேராக ஆபரேஷன்தான் என்று முடிவானால், நோயைக் கண்டறிந்ததில் இருந்து 12 வாரத்தைத் தாண்டவிடக் கூடாது. அதற்கு மேல் தள்ளிப்போட்டவர்களுக்கு விளைவு மோசமாக இருந்திருக்கிறது. நீங்கள் எழுதிய தேதிப்படி அதில் மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது.